நைல் கின்னிக்கின் பெயரில் ஒரு விளையாட்டரங்கு

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பல்கலைக்கழக நகரமான அயோவா சிற்றியில், ஏறத்தாழ 69,000 பேர் அமர்ந்து பார்க்கக்கூடிய விளையாட்டரங்கு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கின்னிக் அரங்கு. 1939ஆம் ஆண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் ஆடிப் புகழ்பெற்று, பின்னர் கடற்படை விமானியாகி, 1943 ஜூன் 2ஆம் திகதி தமது 24ஆவது வயதில் கடலில் விழுந்து இறந்துபோன நைல் கின்னிக் என்ற இளைஞனின் பெயர் அது.

அவர் எந்தவொரு எதிரி விமானத்தையும் சுட்டு வீழ்த்தியவரல்லர். எதிரியின் குண்டுக்கு இலக்கானவருமல்லர். பயிற்சிப் பறப்பு ஒன்றின்போது இயந்திரக் கோளாறினால் உயிரிழந்தவர். ஆனாலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரது பெயர் அந்த மாநிலத்தில் ஒருவித பக்தியுடன் உச்சரிக்கப்பட்டு வருகின்றது. ஒரு சமூகம் தனது இறந்த இளைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நினைவுகூரும்போது எதை நினைவில் வைக்கிறது, எதை மறந்துவிடுகிறது என்ற கேள்வி எம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. அதனாலேயே இந்த வரலாறு என்னைக் கவர்ந்தது.

முதலில் ஒரு விளக்கம். உதைபந்தாட்டம் என்றதும் எமது பாடசாலை மைதானங்களில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டமே வாசகர்களின் நினைவுக்கு வரும். இங்கு பேசப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டம். இன்று அந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு குழுவும் தடுப்பதற்கு வேறொரு குழுவும் களமிறங்குகின்றன. கின்னிக்கின் காலத்தில் அப்படியல்ல. ஆட்டக்காரர்களை மாற்றுவதற்கு விதிகள் பெரும் கட்டுப்பாடு விதித்திருந்தன. தாக்குதல், தடுப்பு, உதை ஆகிய எல்லாவற்றையும் அதே பதினொரு பேரே செய்ய வேண்டும். முழு ஆட்டமும் 60 நிமிடங்கள்.

கின்னிக் 1918 ஜூலை 9ஆம் திகதி அயோவாவின் ஏடல் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாரான ஜோர்ஜ் கிளார்க் 1913 முதல் 1917 வரை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது குடும்பம் அயல் மாநிலமான நெப்ராஸ்காவின் ஒமாஹா நகருக்குக் குடிபெயர்ந்தது. ஐந்து அடி எட்டு அங்குல உயரமே கொண்ட இந்த இளைஞன் பல்கலைக்கழகக் கல்விக்காக மீண்டும் அயோவாவுக்கு வந்தபோது, அங்குள்ள அணி தோல்விக்குப் பேர்போனதாக இருந்தது. 1937, 1938 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து அது பெற்ற வெற்றிகள் இரண்டு மாத்திரமே.

1939இல் எடி அன்டர்சன் என்ற புதிய பயிற்றுநர் வந்தார். அவர் ஒரு மருத்துவரும்கூட. மாற்று ஆட்டக்காரர் பலம் இல்லாத அந்த அணியில் ஒரு சிலர் ஆட்டம் முழுவதும் களத்தில் நின்று ஆடினார்கள். ‘இரும்பு மனிதர்கள்’ என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பருவத்தில் தொடர்ச்சியான 420 ஆட்ட நிமிடங்களில் 402 நிமிடங்கள் கின்னிக் களத்தில் இருந்தார். அணி பெற்ற 130 புள்ளிகளில் 107 புள்ளிகளில் அவரது பங்கு இருந்தது. ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை என்று பருவம் முடிந்தது.

அந்தப் பருவத்தின் உச்சம் நவம்பர் 11ஆம் திகதி நடந்த ஆட்டமாகும். முதலாம் உலகப்போர் ஓய்ந்த நாளின் நினைவு தினம் அது. அதுவரை தோல்வியே காணாத நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியை அயோவா 7-6 என்ற கணக்கில் வென்றது. அந்த ஏழு புள்ளிகளும் கின்னிக்கின் உடையவை. ஒரு வாரம் கழித்து, பெர்னி பியர்மனின் பயிற்சியில் நாட்டையே கலங்கடித்து வந்த மினசோட்டா அணிக்கு எதிராக இறுதிக் காற்பகுதியில் 0-9 எனப் பின்தங்கியிருந்த நிலையில், கின்னிக் எறிந்த இரண்டு பந்துகள் 13-9 என்ற வெற்றியைத் தந்தன. விலைவீழ்ச்சியாலும் கடனாலும் நொந்துபோயிருந்த ஒரு விவசாய மாநிலத்துக்கு அந்த இலையுதிர்காலம் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி உதைபந்தாட்ட வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. பேஸ்போல் வீரர் ஜோ டிமாஜியோ, குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஆகியோரைப் பின்தள்ளி, ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் என்ற அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தெரிவும் அவரே. படிப்பிலும் அவர் முன்வரிசையில் நின்றார் என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். கல்வியில் சிறந்தவர்களுக்கான ‘பை பீட்டா கப்பா’ சங்கத்தின் உறுப்பினர் தகுதியை அவர் பெற்றிருந்தார்.

1939 டிசெம்பர் 6ஆம் திகதி நியூயோர்க்கில் விருதைப் பெற்றுக்கொண்டு அவர் ஆற்றிய ஏற்புரை ஒலிப்பதிவாக இன்றும் கிடைக்கிறது. மிகவும் சுருக்கமான உரை. பயிற்றுநருக்கும் தோழர்களுக்கும் நன்றி கூறிய பின்னர், ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள ஆட்டக்களங்களில் தம்மைப் பிறக்கவைத்த கடவுளுக்கு அவர் நன்றி சொன்னார். இந்த நாட்டின் உதைபந்தாட்ட வீரர்கள், போர்க்களத்தில் வழங்கப்படும் வீரப்பதக்கத்துக்காகப் போராடுவதைக் காட்டிலும் இந்த விருதுக்காகப் போராடுவதையே விரும்புவார்கள் என்பதைத் தம்மால் உறுதியாகக் கூறமுடியும் என்றார். ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இந்த உரையைக் கூர்ந்து கவனிக்கும் ஒருவர், அந்த இளைஞன் விளையாட்டையும் போரையும் இரு வேறு உலகங்களாகப் பிரித்து வைத்ததைக் காணத் தவறமாட்டார். ஆட்டக்களத்தில் ஆடக் கிடைத்ததே போர்க்களத்தில் இல்லை என்பதற்கான அத்தாட்சி என்று அவர் கருதினார். அவரது மரணத்துக்குப் பின்னர் அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர், அந்தக் கோட்டை அழித்து, ஆட்டக்களத்து வீரமே போர்க்களத்து வீரமாக மலர்ந்தது என்று எழுதினார்கள். எனது பார்வையில் கின்னிக்கின் நினைவுக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி இதுவேயாகும்.

தொழில்முறை அணியொன்றில் ஆடுவதற்கு அவருக்கு அழைப்பு வந்தது. அவர் அதை மறுத்துவிட்டுச் சட்டக்கல்லூரியில் சேர்ந்தார். பாட்டனாரின் வழியில் அரசியலுக்கு வரும் எண்ணம் அவருக்கு இருந்தது. 1940 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட வென்டல் வில்கி அயோவாவுக்கு வந்தபோது, அவரைக் கூட்டத்தினருக்கு அறிமுகஞ்செய்து உரையாற்றியவர் கின்னிக். அடுத்த ஆண்டில் கடற்படையின் விமானப் பிரிவில் தம்மைப் பதிவு செய்துகொண்டு, 1941 டிசெம்பர் 4ஆம் திகதி சேவைக்குச் சமுகமளித்தார். மூன்று நாட்களில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது.

போர்க்களத்தில் பிறக்காததற்கு நன்றி கூறியவர் இரண்டு ஆண்டுகளில் தாமாகவே முன்வந்து சீருடை அணிந்ததில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போரை வெறுத்த ஒருவர், அது தவிர்க்க முடியாதது என்ற முடிவுக்கு வந்த பின்னர், தமது பங்கை வேறொருவரின் தோளில் ஏற்ற விரும்பவில்லை. பயிற்சிக் காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1991இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. போர்வெறி கொண்ட ஓர் இளைஞனை அவற்றில் காணமுடியாது. வாசித்த நூல்கள், மதம், அரசியல், சாவு என்று அவரது சிந்தனை விரிகிறது. தென் மாநிலங்களில் பயிற்சி பெற்ற காலத்தில் அங்கு கறுப்பின மக்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு, மனித உறவுகளில் நிலவும் அநீதிகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்றாக அவர்களது நிலையை அவர் குறித்து வைத்தார். 1942இல் ஒரு வெள்ளையினக் கடற்படை இளைஞன் இப்படி எழுதியமை கவனிக்கத்தக்கதாகும்.

இதே காலத்தில், அவர் ஆடிய அயோவா பல்கலைக்கழகமே கடற்படை விமானிகளுக்கான முன்பயிற்சிக் கல்லூரிகளுள் ஒன்றாக மாறியது. உதைபந்தாட்டத்தைப் போன்ற முரட்டு விளையாட்டுகளே நல்ல போர்விமானிகளை உருவாக்கும் என்று கடற்படை நம்பிய காலம் அது. அந்தக் கல்லூரிக்கென ‘சீஹோக்ஸ்’ என்ற உதைபந்தாட்ட அணியும் இருந்தது. 1942இல் அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கின்னிக்கிடம் தோற்ற மினசோட்டா அணியின் பயிற்றுநரான அதே பெர்னி பியர்மன். கின்னிக் இரண்டாகப் பிரித்துவைத்த உலகங்களைப் போர் ஒன்றாகப் பிணைத்துவிட்டது.

1943 மே மாத இறுதியில் ‘லெக்சிங்டன்’ என்ற புதிய விமானந்தாங்கிக் கப்பல், வெனிசுவேலாவுக்கும் டிரினிடாட் தீவுக்கும் இடையிலுள்ள பரியா வளைகுடாவில் வெள்ளோட்டத்தில் ஈடுபட்டிருந்தது. அந்தக் கப்பலின் விமானிகளுள் ஒருவராகக் கின்னிக் இருந்தார். ஜூன் 2ஆம் திகதி காலை, ‘வைல்ட்கற்’ ரகப் போர்விமானத்தில் அவர் பயிற்சிக்காகக் கிளம்பினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பறந்த பின்னர் எஞ்சினில் இருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. கப்பலின் மேற்தளத்தில் புறப்படுவதற்குத் தயாரான விமானங்கள் நெருக்கமாக நின்றிருந்தன. கரையை எட்டவும் வழியில்லை. விதிமுறைப்படி அவர் கப்பலில் இருந்து சுமார் நான்கு மைல் தொலைவில் விமானத்தைக் கடலில் இறக்கினார். சில நிமிடங்களில் மீட்புப் படகு அங்கு போய்ச் சேர்ந்தபோது, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மட்டுமே மிதந்தது. அவரது உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டில், அவரது இளைய சகோதரரான பென் கின்னிக்கும் பசுபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானியாகப் பணியாற்றியபோது கொல்லப்பட்டார். பதினாறு மாதங்களுக்குள் இரு புதல்வர்களை அந்தப் பெற்றோர் இழந்தனர்.

இங்கு இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். 1939 பருவத்தில் அயோவா அணி கண்ட ஒரேயொரு தோல்வி மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம். 27-7 என முடிந்த அந்த ஆட்டத்தில் மிச்சிகனின் 27 புள்ளிகளையும் பெற்றவர் டொம் ஹார்மன். 1940ஆம் ஆண்டின் ஹெய்ஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. அவரும் விமானியானார். 1943 ஏப்ரலில் அவரது விமானம் தென்னமெரிக்கக் காட்டில் நொருங்கியது. அவர் மட்டும் உயிருடன் நடந்து வெளியே வந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் சீனாவின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். சீன மக்களின் உதவியால் மீண்டும் உயிர் பிழைத்தார். போருக்குப் பின்னர் விளையாட்டு ஒலிபரப்பாளராகப் புகழ்பெற்று 1990இல் காலமானார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே விருதைப் பெற்ற இருவரும் ஒரே ஆண்டில் விமானத்தோடு விழுந்தார்கள். ஒருவர் இருமுறை தப்பினார். மற்றவருக்கு அமைதியான கடலில், கப்பல் கண்ணுக்கெட்டும் தொலைவில், ஒருமுறைகூடத் தப்ப முடியவில்லை. வீரம், தகுதி என்ற அளவுகோல்கள் எதற்கும் இங்கு இடமில்லை.

போர்க்காலத்தில் பத்திரிகைத் தொழில் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எமது நாட்டில் போர் நடந்த காலத்தில் ஒருவரது மரணச் செய்தியின் வினைச்சொல்லே எழுதியவரின் பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கொல்லப்பட்டார், பலியானார், உயிர்நீத்தார், வீரச்சாவடைந்தார் என்று ஒரே சாவுக்கு நாலு சொற்கள் இருந்தன. எதைத் தெரிவு செய்வது என்பதில் ஆசிரிய பீடங்களில் பெரும் விவாதங்கள் நடந்ததுண்டு. கின்னிக்கின் கதையில் எல்லாச் சொற்களையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ‘விபத்து’ என்ற சொல்தான். இரண்டாம் உலகப்போரில் போர்முனையைக் காணாமலேயே பயிற்சியின்போது உயிரிழந்த அமெரிக்க விமானப் படையினரின் எண்ணிக்கை பல்லாயிரம். அவர்களுக்காக ஆட்டக்களத்தில் எவரும் ஆரவாரித்ததில்லை. ஆகையால் அவர்களது பெயர்கள் குடும்பங்களோடு நின்றுவிட்டன.

இதை எல்லோருக்கும் முதலில் உணர்ந்தவர் கின்னிக்கின் தந்தையாவார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், அயோவா அரங்குக்கு அவரது மகனின் பெயரைச் சூட்டவேண்டும் என்ற யோசனை எழுந்தது. தந்தை அதை ஏற்கவில்லை. போரில் உயிரிழந்த ஏனையோரிலும் மேலானவனாகத் தமது மகனை உயர்த்துவது முறையல்ல என்பது அவரது நிலைப்பாடு. இரு மகன்மாரைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், ஊரே திரண்டு கொடுக்கவந்த கௌரவத்தை இப்படிச் சொல்லி மறுப்பதற்கு எவ்வளவு மனத்தெளிவு வேண்டும்! அவருக்கு ஒரு மகனின் பெயரை அரங்கில் எழுதினால், மற்ற மகனின் பெயர் அதன் நிழலில் மறையும் என்பதும் தெரிந்திருக்கக் கூடும்.

ஆனால், அதே காலத்தில் உலகின் மறுகோடியில் அவரது மகனின் பெயர் வேறொரு மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. ஜப்பான் சரணடைந்த பின்னர் டோக்கியோவைத் தமது கட்டுப்பாட்டில் வைத்திருந்த அமெரிக்கப் படையினர், மெய்ஜி ஆலயத்தின் வெளிப்பூங்காவில் 1924இல் அமைக்கப்பட்டிருந்த மைதானத்தைத் தமதாக்கி, அதற்கு ‘நைல் கின்னிக் அரங்கு’ என்று பெயரிட்டனர். அந்த மைதானத்துக்கு ஏற்கனவே ஒரு நினைவு இருந்தது.

கல்வி கற்றுக்கொண்டிருந்த மாணவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து அளிக்கப்பட்டுவந்த விலக்கை 1943இல் ஜப்பானிய அரசாங்கம் நீக்கியது. அவ்வாறு படைக்கு அழைக்கப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களை வழியனுப்பும் வைபவம் அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அந்த மைதானத்தில் நடந்தது. கொட்டும் மழையில், மாணவர் சீருடையுடன் தோளில் துப்பாக்கி ஏந்தி அவர்கள் அணிவகுத்துச் சென்றனர். பிரதமர் டோஜோ உரையாற்றினார். அவர்களுள் பலர் விமானிகளாக்கப்பட்டனர். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் மாணவர்களாயிருந்து படைக்குச் சேர்க்கப்பட்டவர்களே. கின்னிக் கடலில் மறைந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை.

சட்டமும் இலக்கியமும் படித்துக்கொண்டிருந்த ஜப்பானிய மாணவர்கள் போருக்குப் புறப்பட்ட அதே தரைக்கு, சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவனின் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருப்பார்களோ தெரியாது. வென்றவர்கள் தமது இறந்தவரின் பெயரை எழுதினார்கள். தோற்றவர்களின் இறந்தோர் தங்கள் சொந்த மண்ணில் பெயரில்லாது போனார்கள். இந்த வழக்கத்தை நாம் நன்கு அறிவோம்.

எனினும், அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1952இல் மைதானம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் அது இடிக்கப்பட்டு, 1958இல் தேசிய அரங்கு அங்கு எழுந்தது. 1964 ஒலிம்பிக் விழாவின் பிரதான அரங்கு அதுவே. அதுவும் 2015இல் இடிக்கப்பட்டு, இப்போதுள்ள புதிய அரங்கு 2019இல் கட்டி முடிக்கப்பட்டது. மழையில் அணிவகுத்துப்போன மாணவர்களுக்காக 1993இல், அவர்கள் சென்று அரை நூற்றாண்டு கழித்து, அங்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. படைபலத்தால் எழுதப்பட்ட பெயர் படைகளோடு போய்விட்டது. தம்மவர் நாட்டிய கல், காலம் தாழ்த்தியேனும், வந்து சேர்ந்தது.

அயோவாவில் பெயர் மாற்றம் 1972இல் நிகழ்ந்தது. சீடர் ரப்பிட்ஸ் நகரின் ‘கஸெற்’ பத்திரிகையின் விளையாட்டுத்துறை ஆசிரியரான கஸ் ஷ்ரேடர் தமது பத்தியில் அந்தக் கோரிக்கைக்குப் புத்துயிரளித்துத் தொடர்ந்து எழுதினார். இம்முறை தந்தை இணங்கினார். கால் நூற்றாண்டு கடந்துவிட்டிருந்தது. போரின் வெற்றி முழக்கங்கள் அடங்கிப்போய், வியட்நாம் போரில் மற்றொரு தலைமுறை மாண்டுகொண்டிருந்த காலம் அது. பெயர் சூட்டுவதற்கு அதற்கென்று ஒரு வேளை உண்டு என்று நான் நினைக்கிறேன். துயரம் சூடாக இருக்கும்போது சூட்டப்படும் பெயர் ஒரு படைத்துறைப் பிரகடனமாகிவிடுகிறது. அது ஆறிய பின்னர் சூட்டப்படும்போதுதான் இறந்தவர் ஒரு மனிதராக மீளமுடிகிறது.

2006இல் அரங்கின் முன்னால் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை இதற்குச் சாட்சி. விமானியின் உடையிலோ பாய்ந்தோடும் ஆட்டக்காரனாகவோ அச்சிலை அமையவில்லை. கையில் புத்தகங்களோடு நிற்கும் ஒரு மாணவனாகவே அங்கு கின்னிக் நிற்கிறார். தலைக்கவசம் காலடியில் கிடக்கிறது. அயோவா அணியின் இன்றைய ஆட்டக்காரர்கள் அரங்கினுள் போகும்போது அந்தத் தலைக்கவசத்தைத் தொட்டுச் செல்வது வழக்கம். ஆட்டத்துக்கு முன்னர் அவரது ஏற்புரையின் ஒலிப்பதிவும் அரங்கில் ஒலிக்கவிடப்படுகின்றது. போர்க்களத்தில் பிறக்காததற்காக நன்றி கூறும் அந்தக் குரலை, எழுபதாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2021இல் அங்கு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரங்கின் ஆடுகளத்துக்கு டியூக் ஸ்லேட்டரின் பெயர் சூட்டப்பட்டது. 1918 முதல் 1921 வரை அயோவா அணியில் ஆடிய கறுப்பினத்தவரான ஸ்லேட்டர், தொழில்முறை ஆட்டக்காரராக இருந்துகொண்டே அயோவாவில் சட்டம் படித்து, பின்னர் சிக்காகோவில் நீதிபதியானவர். கறுப்பின மக்களின் நிலைகண்டு நாட்குறிப்பில் வருந்திய சட்டக்கல்லூரி மாணவனின் பெயர் தாங்கிய அரங்கின் நடுவே, சட்டம் படித்து நீதிபதியாகிய கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர் இன்று எழுதப்பட்டிருக்கிறது. கின்னிக் வாழ்ந்திருந்தால் எட்டக்கூடியதாயிருந்த வாழ்வின் ஒரு பகுதியை ஸ்லேட்டர் வாழ்ந்து காட்டினார் எனலாம்.

ஒரு பெயரை உயர்த்தினால் மற்றவை மறைந்துவிடும் என்று 1945இல் அந்தத் தந்தை அஞ்சினார். அவரது அச்சம் நியாயமானது. அதற்கு அயோவா கொடுத்த பதில் தாமதமானது, முழுமையற்றதும்கூட. ஆயினும், பெயரை அழிக்காமலேயே அருகில் இன்னொரு பெயருக்கு இடம்விட முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. கின்னிக்கின் அரங்கில் ஸ்லேட்டருக்கு இடம் கிடைக்க 49 ஆண்டுகள் சென்றன. டோக்கியோவின் மாணவர்களுக்கு ஒரு கல் கிடைக்க 50 ஆண்டுகள் சென்றன. தம்பி பென் கின்னிக்கின் பெயரோ, அண்ணனின் கதையில் ஒரு வரியாக மட்டுமே இன்னமும் வந்துபோகின்றது.